தேன்சிட்டின் அக்கா

"அக்கா, அவளுக்குக் கையையும் காலையும் ஒட்ட வைச்சிடு" என்றான் தம்பி. நான் வரைந்து வைத்திருந்த தாளை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினான்.

"ஒட்ட முடியாது. அவளோட கதையே அதுதான்."

"கதை யாருக்கு வேணும்? ஒரு பொம்பளை துண்டு துண்டாக் கிடந்தா எவன் வாங்குவான்? முழுசா நிக்க வை. பின்னால ஒரு நிலா போடு. அழகா இருக்கும்."

"உன்னைத் துண்டு துண்டா வரைஞ்சாலும் அழகாத்தான் இருக்கும். வரையட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் போனால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எங்கள் பட்டறையில் வெள்ளி ரவுண்டு அடிக்கிறோம். பார்க்க நாணயம் போலவே இருக்கும், ஆனால் நாணயம் என்று சொல்லிவிடக் கூடாது. அரசாங்கம் அடித்தால்தான் நாணயம். எங்களுடையதைக் கடையில் நீட்டினால் ஒரு தீப்பெட்டி கூடத் தரமாட்டார்கள். சேகரிக்கிறவர்கள் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். இந்தத் தடவை கடல் தாண்டிய ஒரு பழைய நாட்டின் அஸ்டெக் சாமிகள் வரிசை. முதலில் இறகு முளைத்த பாம்பு வந்தது. அடுத்து வட்டக் கண்ணும் கோரைப்பல்லுமாக மழைச்சாமி. இரண்டும் நன்றாகவே போயின. மூன்றாவதுதான் இந்த நிலாப்பெண், ரவுண்டின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவளுடைய தம்பி.

அச்சு வெட்டுவது நான். எஃகுத் துண்டில் உருவத்தைக் குழியாக, இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். மூக்கு எவ்வளவு எடுப்பாக வேண்டுமோ அவ்வளவு ஆழமாகத் தோண்ட வேண்டும். இப்படியே வெட்டி வெட்டி, மனிதர்களைப் பார்த்தாலும் முதலில் குழியாகத்தான் தெரிகிறார்கள். அச்சை வெள்ளியில் அழுத்துகிற பிரஸ் தம்பி கையில். பிரஸ் ஓட்டுவதில் அவன் கெட்டிக்காரன், அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். கடிதம், பொட்டலம், ஃபோன் எல்லாம் தம்பி மனைவி பொறுப்பு. பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, முடிவு எடுப்பது ஆகிய மூன்றும் தம்பியுடையவை. அவன் பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அதுவரை வீட்டில் நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அப்புறம் ஓரத்துக்குப் போனேன். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாமே உண்மைதான்.

நிலாப்பெண்ணின் பெயர் கோயோல்ஷௌகி. அவளைத் துண்டாக்கிய தம்பியின் பெயர் விட்சிலோபொச்ட்லி. சொல்லிப் பழகுவதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டது. தம்பி மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் பேருக்குக் கன்னத்தில் மணி தீட்டியவள் என்று அர்த்தமாம், அதனால் மணிக்காரி. அவன் பேருக்குள் தேன்சிட்டு மாதிரி ஒரு குருவி இருக்கிறதாம், அதனால் தேன்சிட்டு. ஆளை வெட்டிப் போடுகிறவனுக்குத் தேன்சிட்டு என்று பேர் விழுந்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கதை இதுதான். மலை உச்சியில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா மேல் ஓர் இறகுப் பந்து வந்து விழுந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், கர்ப்பமாகிவிட்டாள். மூத்தவள் மணிக்காரிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நானூறு தம்பிகளைத் திரட்டிக்கொண்டு அம்மாவைக் கொல்லவே மலை ஏறினாள். ஏறி முடித்த நேரம் பார்த்து, தேன்சிட்டு முழு ஆயுதத்தோடு பிறந்தான். பிறந்த கையோடு அக்காவை வெட்டினான். உடம்பு மலையிலிருந்து துண்டு துண்டாக உருண்டது. தலையைத் தூக்கி வானத்தில் எறிந்தான், அது நிலாவாயிற்று என்று சொல்கிறார்கள்.

"அம்மாவையே கொல்லப் போனவ, அவ பட்டது சரிதானே அண்ணி?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"சரிதான். நல்லவங்க மட்டும்தான் வெள்ளியில வரணும்னா பட்டறையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அந்த நாட்டில் அவளைப் பெரிய வட்டக்கல் ஒன்றில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலை தனி, கை தனி, கால் தனி. ஆனாலும் கிடக்கிறவளாகத் தெரியவில்லை, ஓடுகிறாள். வெட்டுப்பட்ட பிறகும் ஓடுகிற ஒருத்தியைப் பிடித்து நிற்க வைத்துப் பின்னால் நிலாவை மாட்டினால் அது காலண்டர் படம். அதற்கு நான் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போதும். முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

தம்பி அதற்குள் வேறு பக்கம் யோசித்து வைத்திருந்தான். படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் மிஷினே அச்சு வெட்டித் தரும் கம்பெனி ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வந்ததிலிருந்து என் அறையை அவன் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

"சரிக்கா, ஒண்ணு பண்ணலாம். தேன்சிட்டு பக்கத்தை நான் வெளியில மிஷின்ல வெட்டி வாங்கறேன். மணிக்காரி பக்கம் உன்னோடது, உன் இஷ்டப்படி வெட்டு. கிளவுஸ்காரர் வந்து பார்க்கட்டும். உன் பக்கத்தை அவர் ஒத்துக்கிட்டா உன் ரூம் உனக்கு, இனிமே நான் வாயே திறக்கல. ஒத்துக்கலைன்னா எல்லா அச்சும் வெளியில. உன் ரூம்ல பொட்டலம் கட்டிக்கலாம்."

கிளவுஸ்காரர் என்பது எங்கள் ரவுண்டுகளை மொத்தமாக எடுத்துச் சேகரிப்பவர்களுக்கு விற்கிறவர். வெள்ளை நூல் கையுறை போட்டுக்கொள்ளாமல் வெள்ளியைத் தொடமாட்டார். தேநீர்க் கோப்பையைக்கூடச் சில சமயம் கையுறையோடு பிடிப்பார்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ எல்லாத்தையும் மேல இருந்து பார்த்துக்க."

எல்லாவற்றையும் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொன்னால், எதையும் தொடாதே என்று அர்த்தம். என் அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற ஒரு ஜன்னல், அதன் கீழே ஒரு மேஜை, எஃகைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி, என் கைக்கு ஏற்றபடி நானே பிடி போட்டுக்கொண்ட உளிகள். அவ்வளவுதான் நான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தம்பி வீட்டு மாடியில் இருக்கிற அக்கா.

"ஒத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் தம்பி மனைவி என் அறையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டேப் சரக்கென்று உள்ளே ஓடியது.

"சும்மாதான் அண்ணி. தெரிஞ்சு வைச்சுக்கலாமேன்னு."

"என்னையும் அளந்துக்க. அலமாரிக்குப் பக்கத்துல நிக்க வைக்கணும்ல."

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் மாடிப்படிக்குக் கீழே குனிந்து குனிந்து பொட்டலம் கட்டுகிறவள்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குச் சண்டை பார்ப்பது என்று பேர். ரவுண்டின் இரண்டு பக்கத்துக்கும் அச்சு வெட்டி முடித்ததும், எஃகைக் காய்ச்சிக் கெட்டியாக்கிப் பதம் போடுவதற்கு முன்னால், இரண்டிலும் மெழுகை மெல்லிசாக அழுத்தி எடுப்போம். அந்த இரண்டு மெழுகுத் தகட்டையும் முதுகோடு முதுகு ஒட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்போம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மேடாக இருந்தால் அங்கே மெழுகு தடித்துக் கருப்பாகத் தெரியும். அங்கேதான் சண்டை. வெள்ளி வில்லையில் இருக்கிற வெள்ளி அளவாகத்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் இந்தப் பக்கமும் கேட்டால், அந்தப் பக்கமும் கேட்டால், அது எங்கே போகும்? யாராவது ஒருவர் பக்கம் குழியாக நின்றுவிடும். அதனால் சண்டை தெரிந்தால் ஒரு பக்கத்தைத் தள்ளி வெட்டுவோம்.

இந்தத் தடவை சண்டை பார்க்கவில்லை. நிஜச் சண்டை நடந்துகொண்டிருந்ததே காரணம். தேன்சிட்டு அச்சு கம்பெனியிலிருந்து வந்ததும் தம்பி அதைத் துணியில் சுற்றிப் பிரஸ் அறையில் வைத்துக்கொண்டான். காட்டு என்று நான் கேட்கவில்லை, பார் என்று அவன் சொல்லவில்லை. என் அச்சையும் நான் மூடியே வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதுபோல, ஒரே ரவுண்டின் இரண்டு பக்கத்தையும் நாங்கள் இரண்டு பேரும் மறைத்து மறைத்துச் செய்தோம்.

என் பக்கத்தில் தலையை நடுவில் வைத்தேன். அரைக்கண் மூடிய முகம், கன்னத்தில் மணிகள், காதில் பெரிய தோடு. சுற்றிலும் கை, கால், உடம்பு, ஒவ்வொன்றும் ஓடுகிற வாகில். மூக்கை நல்ல ஆழமாக எடுத்தேன். முகத்தைப் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

அச்சுக்குப் பதம் போட்டு, துடைத்து, பிரஸ்ஸில் ஏற்றினோம். தம்பி வில்லையை வைத்தான். பிரஸ் இறங்கி ஏறியது. அவன் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

மணிக்காரிக்கு மூக்கு இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடம் தேய்ந்த சோப்புக் கட்டிபோல வழவழவென்று இருந்தது. கன்னத்து மணிகளில் பாதி வரவே இல்லை. திருப்பினால் தேன்சிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு ஜம்மென்று நின்றான், கேடயத்தில் இருக்கிற குஞ்சம் வரைக்கும் தெளிவு.

"உன் பக்கம்தான் வரல" என்றான் தம்பி. குரலில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தொழிலில் ஒன்று சரியாக வராவிட்டால் அவனுக்கும் தாங்காது.

"அழுத்தம் பத்தல. கூட்டு."

கூட்டினான். மூக்கின் நிழல் மாதிரி ஏதோ வந்தது. "இன்னும் கூட்டு" என்றேன். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். அச்சுக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். கூட்டினான். பிரஸ் இறங்கும்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

என் அச்சில் விரிசல் விட்டுவிட்டது. ரவுண்டில் அது ஒரு மெல்லிய மேட்டுக் கோடாக விழுந்திருந்தது. தோடுக்குக் கீழே ஆரம்பித்து, கழுத்தைக் குறுக்கே கடந்து, தோளில் போய் முடிந்தது.

தம்பி லென்ஸை வைத்துப் பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, அளவெடுத்த மாதிரி கழுத்துலேயே விழுந்திருக்கு. இது விரிசல்னு எவனுக்குத் தெரியும்? அவளே வெட்டுப்பட்டவதானே. கிளவுஸ்காரர்கிட்ட இதையே காட்டிடலாம். மூக்கு மட்டும்தான் பிரச்னை. மூக்கையும் அறுத்துட்டான்னு சொல்லிடலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். உலகத்தில் எந்தச் சாமிக்கும் இல்லாத வசதி, உடைந்தாலும் டிசைன் என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம் ஆசைகூட வந்தது. அந்த ஆசை வந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

"முடியாது."

"ஏங்க்கா?"

"நான் வெட்டினா வெட்டு. தானா வந்தா விரிசல். அவளைத் தேன்சிட்டு வெட்டினான், பிரஸ் வெட்டல. எடு அந்த அச்சை."

"அடுத்த வாரம் அவர் வர்றாரு. புதுசா வெட்ட நேரம் இல்ல."

"நேரம் என்னோடது. உன் தேன்சிட்டு அச்சைக் குடு, மெழுகு எடுக்கணும்."

அவன் துணியை அவிழ்த்துக் கொடுத்தான். பத்து நாளைக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தோம். இரண்டு மெழுகுத் தகட்டையும் முதுகோடு முதுகு ஒட்டி ஜன்னலில் பிடித்தேன். நடுவில் அட்டைக் கரி. தேன்சிட்டின் நிமிர்ந்த மார்புக்கு நேர் பின்னால் மணிக்காரியின் முகம். அவன் எவ்வளவு நிமிர்ந்தானோ அவ்வளவு வெள்ளி அவளுக்கு இல்லாமல் போயிருந்தது.

"சண்டை பார்த்திருக்கணும்" என்றான் தம்பி மெதுவாக.

"நீ காட்டியிருக்கணும்."

"நீ கேட்டிருக்கணும்."

இரண்டும் நியாயம்தான். இருந்தாலும் நான் முறைத்தேன்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. புது அச்சுல அவ முகத்தைக் கொஞ்சம் தட்டையா வெட்டிடு. மூக்கு அவ்வளவு எடுப்பா வேண்டாம்."

"உன்னோட ஆளு நெஞ்சைத் தட்டையாக்கேன்."

"அது பதம் போட்டு வந்த அச்சு. உளி ஏறாது. உனக்கே தெரியும்."

தெரியும். பதம் போட்ட எஃகைத் தொட முடியாது. அவனுடையது முடிந்துபோனது, என்னுடையது உடைந்துபோனது. ஆகவே, வளைந்து கொடுக்க வேண்டியவள் நான்தான். இதில் தம்பியின் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. சூழ்ச்சி இருந்திருந்தால் ஆத்திரப்பட வசதியாக இருந்திருக்கும்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். தட்டையான முகமா? அப்படி ஒரு முகத்தை வெட்டிக் கொடுத்துத்தான் இந்த ஜன்னலை மீட்டுக்கொள்ள வேண்டுமா? கிளவுஸ்காரர் ஒருவேளை ஒத்துக்கொள்வார். ஆனால் அதற்கப்புறம் இந்த மேஜையில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்? அழுகை வந்தது. கொஞ்சம் அழுதேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெழுகை மறுபடி ஜன்னலில் பிடித்தேன், செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால்.

அதுவரை கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை என்னுடைய தகட்டை உரித்துக் கீழே வைத்துவிட்டு, தேன்சிட்டின் தகட்டை மட்டும் பிடித்தேன். வெளிச்சம் வருகிற இடங்கள் தெரிந்தன. அவன் கேடயத்துக்கும் தோளுக்கும் நடுவே, மேலே ஓரத்தை ஒட்டி, ஒரு நல்ல வெளிச்ச வட்டம். அகட்டி நிற்கிற கால்களுக்கு இடையே ஒரு நீள வெளிச்சம். ஓங்கிய கைக்குக் கீழே ஒன்று. கையில் ஆயுதமாகப் பிடித்திருக்கிற நெருப்புப் பாம்பின் வளைவுக்குள் ஒன்று. அவன் எங்கெல்லாம் இல்லையோ, அங்கெல்லாம் வெள்ளி சும்மா இருந்தது.

முழுசாக நிற்கிற பெண்ணாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தலை கழுத்து மேல்தான் இருந்தாக வேண்டும், கை தோளில்தான் தொங்க வேண்டும். தம்பி சொன்னபடி ஒட்ட வைத்திருந்தால் மணிக்காரி செத்திருப்பாள். அவள் துண்டாக இருப்பதால் பிழைத்தாள். தலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

வில்லை அளவுக்குத் தாளில் வட்டம் போட்டு, தலையை மேல் ஓரத்தில் வைத்தேன், வானத்தில் எறியப்பட்ட வேகத்தோடு, கூந்தல் பின்னால் பறக்க. உடம்பைச் சாய்த்து இரண்டு கால்களின் இடைவெளியில் இறக்கினேன். ஒரு கை இங்கே, ஒரு கால் அங்கே. அந்தப் பக்கம் மார்பு நிமிர்ந்து நிற்கிற நடுவில், என் பக்கம் ஒன்றுமே வைக்கவில்லை, வெறும் பளபளப்பு. அதைச் சுற்றி அவள் ஓடினாள். முதல் டிசைனைவிட இது நன்றாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்புறம் வேலைதான். விடிந்ததும் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்கமாட்டேன். சோறு மேஜைக்கு வந்தது. தம்பி மனைவி சத்தம் போடாமல் தட்டை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் மட்டும் லென்ஸ் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணி, இவ நிஜமாவே ஓடறா" என்றாள். அன்று கட்டைவிரல் வீங்கியிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டபிறகு இன்னும் கொஞ்ச நேரம் வெட்டினேன்.

மூக்கை முன்பைவிட ஆழமாக எடுத்தேன். பயமில்லாமல் எடுத்தேன். பின்னால் அவன் இல்லை என்று தெரியும்.

பதம் போடுகிற அன்று தம்பி கூப்பிடாமலே வந்து உலைக் குறட்டைப் பிடித்துக்கொண்டான். அச்சு உலையில் செக்கச்சிவந்து வந்தது. எண்ணெயில் இறக்கும்போது கை ஆடினால் கோணிக்கொள்ளும், இல்லாவிட்டால் விரிசல் விடும். அவன் கை ஆடவில்லை. எண்ணெய் சீறி அடங்கும்வரை இரண்டு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த டக் சத்தம் வரவில்லை.

"போன தடவைவிட அழுத்தம் கம்மியா வைக்கிறேன்" என்றான் பிரஸ் பக்கத்தில்.

"வை."

"வரலைன்னா என்னைச் சொல்லக் கூடாது."

"வரும்டா."

ஓர் அடி. அதே வில்லையின் மேல் இன்னோர் அடி. அவன் எடுத்து, தான் பார்க்காமல், முதலில் என் கையில் வைத்தான்.

மூக்கு வந்திருந்தது. இமை வந்திருந்தது. கன்னத்து மணிகள் ஒவ்வொன்றும் உருண்டையாக, நகத்தால் தட்டினால் ஒலிக்கும் போல வந்திருந்தன. திருப்பிப் பார்த்தேன், தேன்சிட்டுக்கும் ஒரு குறையும் இல்லை. மார்பு முன்பு போலவே நிமிர்ந்து நின்றது. யாரிடமிருந்தும் யாரும் எதையும் பிடுங்கவில்லை.

கிளவுஸ்காரர் வந்தார். கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார். அவர் முதலில் தேன்சிட்டைத்தான் பார்த்தார், தலையை ஆட்டினார். திருப்பினார். பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். தம்பி மனைவி கதவோரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"முகம் ஓரத்துல இருக்கே" என்றார் கடைசியில். "வாங்கறவங்க நடுவுல முகம் எதிர்பார்ப்பாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லையே."

தம்பி என்னைப் பார்த்தான். மாற்றித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் சமாதானமாகிவிடுவார். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது.

"தூக்கி எறிஞ்ச தலைங்க அது. எறிஞ்சது எப்படி நடுவுல இருக்கும்? அவ விட்டுட்டுப் போன இடம்தான் நடுவுல இருக்கு. இதை மாத்த மாட்டேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் போனார். ரவுண்டைச் சாய்த்தார், நிமிர்த்தினார். வெளிச்சம் அந்த வெறும் நடுவில் பட்டு முகத்தின் மேல் ஏறியது.

"மாத்த வேண்டாம்" என்றார். "இந்தப் பக்கத்தையே மேல் பக்கமா வைச்சுப் பெட்டி போடுங்க. தேன்சிட்டு கீழ இருக்கட்டும்."

அவர் போனபிறகு தம்பி மனைவி முதல் காரியமாக என் அறைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு ரூமே வேண்டாம் அண்ணி, படிக்குக் கீழயே பழகிடுச்சு" என்றாள். அது பொய். கிளவுஸ்காரரின் காலிக் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி போகவில்லை. புது அச்சுகளிலிருந்து எடுத்த மெழுகுத் தகடுகளை என் மேஜையிலிருந்து எடுத்து, முதுகோடு முதுகு ஒட்டி, ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயும் கருப்பில்லை. வட்டம் முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம்.

"அவன் இல்லாத இடமாப் பார்த்துப் பார்த்து உட்கார வைச்சிருக்கே" என்றான். "எப்படிக்கா தோணிச்சு?"

"தோணறதுக்கு என்னடா இருக்கு? இந்த வீட்ல நான் அப்படித்தானே இருக்கேன்."

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. விளையாட்டாகச் சொன்னதாக மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது, மாற்றிக்கொள்ளவில்லை. அவன் கைச் சூட்டில் மெழுகு இளகி வளைந்தது. அவன் கீழே வைக்கவும் இல்லை.

"ரூம் உனக்குத்தான்க்கா. சொன்னா சொன்னதுதான்."

"ரூம் நான் ஜெயிச்சது. நீ குடுக்கறது இல்ல. இன்னொண்ணு இருக்கு, கேட்டுக்க. அடுத்த ரவுண்டுக்கு முதல்ல நான் வெட்டுவேன். என் அச்சு முடிஞ்சப்புறம்தான் அடுத்த பக்கம். நீ செய்வியோ உன் மிஷின்காரன் செய்வானோ, என் மெழுகைப் பார்த்துட்டு, நான் இல்லாத இடத்துல வைச்சுக்கங்க."

அவன் மெழுகை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். என்னைவிட ஆறு வயது சின்னவன், தலையில் பாதி நரைத்துவிட்டது, எனக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அப்ப நடுவுல?"

"நடுவுல நான்."

அவன் தலையை ஆட்டினான். நான் புது எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து இடுக்கியில் வைத்து இறுக்கத் தொடங்கினேன்.